மட்டக்களப்புல அக்கவுண்ட்ஸ் வேல தேடுறன், சீவி (சுயவிபரம்) அனுப்பியும் ஒருத்தரும் கூப்பிடுறாங்க இல்ல. என்ன செய்யலாம்?

களுதாவளைப்புள்ள:

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு ஏரிஐல (உயர் தொழில்நுட்ப நிறுவகம்) எச்என்டிஏ எண்ட கணக்கியல் உயர் டிப்ளோமா முடிச்சிட்டன், ட்ரெய்னிங் டவுன்ல ஒரு ஓடிட் ஃபேர்ம்ல செஞ்சன். அது முடிய அம்மாக்கு ஒப்பரேஷன் செஞ்சபடியா ஒரு வருசத்துக்கு கிட்ட வீட்டதான் நிண்டன், இப்ப மாமாட நெல்லு மில்லுல கணக்கு பாத்துக் குடுக்கிறன், ஆனா அது சொந்தக்காரர்ட இடம்தானே, வேலைக்கு எடுத்த லெட்டரும் இல்ல, அதால சீவில போடல்ல.

சீவி கொமினிகேஷன்ல (டைப் அடிச்சுக் குடுக்கிற கடை) அடிச்சது, மூணு பக்கம் வரும், ஓஎல் ஏஎல் பள்ளிக்கூடச் சோதனை ரிசல்ட் எல்லாம் டேபிள் போட்டு சுத்திவர போடரும் போட்டுத் தந்தாங்க. லீசிங் கம்பெனி, ஹோட்டல், ஹார்ட்வெயார் கடை, என்ஜிஓ எண்டு பாக்காம எல்லாத்துக்கும் அதத்தான் அனுப்பினன், ஒரு இடத்தில இருந்தும் கோல் வரல்ல. கூடப் படிச்சவங்க கனபேர் கொழும்புக்குப் போயிட்டாங்க, எனக்கு அம்மாவ விட்டுட்டுப் போக ஏலாது. அப்பா சொல்றார் கெசட்ல (அரசாங்க வர்த்தமானி) வரும் கவர்மென்ட் வேலைக்கு போடலாம் பொறு எண்டு. எவ்வளவு நாளைக்குப் பொறுக்கிற எண்டுதான் தெரியல்ல.

சீவில என்ன பிழை, ஒரு வருசம் சும்மா இருந்தத எப்படி எழுதுற, நம்மட பக்கத்தில வேல இரிக்கிற விசயம் எங்க தேடினா தெரியவரும்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க ப்ளீஸ்.

வாவிக்கரை:

தங்கச்சி, நான் டவுன்ல ஒரு ஃபினான்ஸ் கம்பெனி பிராஞ்ச்லதான் வேல செய்றன். எங்கட பிராஞ்சுக்கு ஆள் எடுக்கக்குள்ள வாற சீவி எல்லாம் முதல்ல என்ட மேசைக்குத்தான் வரும், நான் பாத்துப் பிரிச்சுத்தான் கொழும்பு ஹெட் ஒஃபிசுக்கு அனுப்புற. அதால கொஞ்சம் நீட்டா எழுதுறன், ஆறுதலா வாசிங்க.

உங்கட கதைலயே விடை இரிக்கு. மில்லுல கணக்கு பாக்கிறத போடல்ல எண்டு சொல்றிங்க, அதுதான் உங்கட சீவில முதல்ல வர வேண்டியது! எச்என்டிஏ முடிச்சு ட்ரெய்னிங் லெட்டரோட வாற ஆக்கள் எங்களுக்கு நிறைய, ஆனா வேளாண்ம வெட்டுக் காலத்தில ஒரு மில்லுட காசுப் புத்தகத்தக் கையில வச்சிருந்த ஆள் லேசில வராது. நீங்க அங்க ஒரு நாளைக்கு என்ன செய்றிங்க எண்டு இருந்து யோசிச்சுப் பாருங்க. நெல்லு வரக்குள்ள நிறை எழுதி, ஈரம் பாத்துக் கழிவு போட்டு, ஆளாளுக்குரிய காசக் கணக்குப் பாத்துக் குடுக்கிற. அரிசி எடுத்த கடைக்காரங்கள்ட கடன் கொப்பி, பின்தேதி போட்டுத் தந்த செக் எது எப்ப பேங்குக்குப் போகணும் எண்ட லிஸ்ட், மூட்ட தூக்கிற ஆக்கள்ட கூலி, மாசக் கடைசில பேங்க் ஸ்டேட்மென்ட எடுத்து வச்சு ஒப்புப் பாக்கிற. இதுக்கெல்லாம் நீங்க படிச்ச பாடத்தில பேர் இரிக்கு. இன்வென்டரி, டெட்டர்ஸ் கொன்ட்ரோல், பேரோல், பேங்க் ரிகன்சிலியேஷன். அந்தப் பேரால எழுதினாத்தான் வாசிக்கிற ஆளுக்கு இவ நம்மட வேலையத்தான் ஏற்கனவே செய்றா எண்டு பிடிபடும்.

கனபேர் "கணக்கு வேலைகளுக்குப் பொறுப்பாக இருந்தேன்" எண்டு இங்கிலிஷ்ல ஒரு வரி எழுதிட்டு விட்டிடுறாங்க. அத வாசிச்சா எனக்கு ஒண்டும் தெரியாது, பொறுப்பா இருந்து என்ன செஞ்சிங்க? நீங்க இங்கிலிஷ்ல எழுதக்குள்ள கருத்து இப்படி வரட்டும்: "பெரும்போக அறுவடைக் காலத்தில் நாளொன்றுக்கு இத்தனை விவசாயிகளின் நெல் கொள்வனவுக் கொடுப்பனவைக் கணக்கிட்டுப் பதிந்தேன்." "கையெழுத்துக் கொப்பியில் இருந்த கடன்பட்டோர் பட்டியலை எக்செல்லுக்கு மாற்றி, காலம் கடந்த கடன்களைக் கிழமைக்கு ஒரு தரம் உரிமையாளருக்கு அறிவித்தேன்." "மூன்று வங்கிக் கணக்குகளுக்கு மாதாந்த இணக்கக் கூற்று தயாரித்தேன்." இது நான் சும்மா உதாரணத்துக்கு எழுதினது, நீங்க உங்கட மில்லுல உண்மையா நடக்கிறத எழுதணும். இலக்கத்த கொப்பியப் பாத்து எடுங்க, கூட்டிப் போட வேணாம், இன்டர்வியூல நாங்க முதல்ல பிடிச்சுக் கேக்கிறதே அந்த இலக்கத்தத்தான். "கடன் கட்டாத ஆளோட எப்படிக் கதைச்சிங்க?" எண்டு கேட்டா உடன சொல்றதுக்கு உங்களுக்கு சம்பவம் இரிக்கு பாருங்க, அது ட்ரெய்னிங் மட்டும் செஞ்ச பிள்ளைட்ட இருக்காது. லீசிங் கம்பெனிக்கு ரிக்கவரிதான் உயிர்.

மாமாட்டச் சொல்லி மில்லுட லெட்டர்ஹெட்ல ஒரு சேவைக் கடிதம் எடுங்க. எந்தத் தேதில இருந்து, என்ன வேல எண்டு உள்ளத உள்ளபடி. சொந்தக்காரர்ட இடம் எண்டதால வேல வேல இல்லாமப் போகாது. ஆனா ஒண்டு, ரெஃபரீ, அதாவது உங்களப் பத்திக் கேட்டாச் சொல்ற ஆக்கள், ரெண்டு பேர் போடுற இடத்தில மாமாவப் போட வேணாம், அந்த இடத்தில நாங்க பாக்கிறது உறவுக்காரர் இல்லாத ஆக்கள. ஏரிஐல உங்களத் தெரிஞ்ச லெக்சரர் ஒராள், ஓடிட் ஃபேர்ம்ல உங்களுக்கு வேல பழக்கின சீனியர் ஒராள். போட முதல் ரெண்டு பேர்ட்டயும் கேளுங்க. நாங்க கோல் எடுத்தா "ஆர் அந்தப் புள்ள?" எண்டு கேக்கிற ரெஃபரீயும் இரிக்காங்க, அந்த இடத்தில சீவி கீழ போயிடும்.

இப்ப கழிக்க வேண்டியது. அப்பாட பேர், சமயம், கல்யாணம் முடிச்சதா இல்லையா, உயரம், ஐடி நம்பர், இதெல்லாம் பிரைவேட் கம்பெனி சீவிக்குத் தேவையில்ல. ஐடி நம்பர கட்டாயம் எடுங்க, உங்கட சீவி எங்கெங்க போகுது எண்டு உங்களுக்கே தெரியாது. ஓஎல் பாடம் ஒம்பதையும் டேபிள் போட வேணாம், மெட்ஸ், இங்கிலிஷ் ரிசல்ட்ட மட்டும் ஒரு வரில சொன்னாக் காணும், ஏஎல்லும் ஒரு வரி. ஆறாம் ஆண்டுல எடுத்த பேச்சுப்போட்டி சேர்டிபிகேட் வேணாம். போடர் வேணாம், ஃபோட்டோ விளம்பரத்தில கேட்டா மட்டும். கடைசில "மேற்கூறிய விபரங்கள் அனைத்தும் உண்மை" எண்டு கையெழுத்து வைக்கிற பந்தியும் பிரைவேட்டுக்குத் தேவல்ல. இதெல்லாம் போனா உங்கட மூணு பக்கம் ஒண்டர பக்கமா வந்திடும் பாருங்க, ரெண்டு பக்கத்துக்கு மேல போகவே கூடாது.

மேல பேர், ஃபோன், ஈமெயில், ஊர். அதுக்குக் கீழ மூணு வரில நீங்க ஆர், என்ன செய்ய ஏலும், எந்த வேலைக்குப் போடுறிங்க. பிறகு வேல அனுபவம், இப்ப செய்றது முதல்ல, ட்ரெய்னிங் அடுத்தது. பிறகு படிப்பு. பிறகு தெரிஞ்ச சொஃப்ட்வெயார், மொழி. எக்செல் தெரியும் எண்டு எழுதாம எக்செல்ல என்ன தெரியும் எண்டு எழுதுங்க, பிவட் டேபிள், விலுக்கப், எது கைப்பட வருமோ அது. வேர்ட்ல நீங்களே அடிங்க, கொமினிகேஷன்ல குடுத்தா ஒவ்வொரு தரம் மாத்துறதுக்கும் அங்க போகணும், அதாலதான் எல்லாரும் ஒரே சீவிய எல்லா இடத்துக்கும் அனுப்புறாங்க. ஃபோன்ல கூகுள் டொக்ஸ்ல செஞ்சாலும் ஏலும், காசில்ல. முடிச்சு பிடிஎஃப் ஆக்கி உங்கட பேரையும் வேலைட பேரையும் ஃபைலுக்கு வைங்க. எனக்கு "நியூ சீவி ஃபைனல்" எண்ட பேர்ல வாற ஃபைல் கொஞ்சநஞ்சமில்ல, டவுன்லோட் பண்ணினாப் பிறகு ஆர்ட எது எண்டு தேடுறதே வேல. பெரிய கம்பெனிகள் சிலது சீவிய முதல்ல சொஃப்ட்வெயார்ல போட்டு வாசிக்கிறாங்க, டெக்ஸ்ட் பொக்ஸ், டேபிளுக்குள்ள இருக்கிற எழுத்து அதுல உடைஞ்சிடலாம், அதுக்கும் சேத்துத்தான் சாதாரணமா அடிங்க எண்டு சொல்றன்.

அடுத்தது, விளம்பரத்த வாசிங்க. உண்மையா வாசிங்க. ஹோட்டல் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டன்டுக்கு ஸ்டொக், சப்ளையர் பேமென்ட் எண்டு கேப்பாங்க, அங்க உங்கட மில்லு ஸ்டொக் வேலைய முதல் வரிக்குக் கொண்டு வாங்க. லீசிங்குக்கு கடன் லிஸ்ட முதல் வரிக்குக் கொண்டு வாங்க. மாத்துறது மேல உள்ள மூணு வரியும் வேல வரிகள்ட ஒழுங்கும்தான், கால் மணித்தியால வேல. ஈமெயில்ல ஒண்டும் எழுதாம சீவிய மட்டும் கொளுவி அனுப்ப வேணாம், தலைப்பில வேலைட பேரும் பிராஞ்சும், உள்ளுக்கு நாலஞ்சு வரி, எப்ப இருந்து வேலைக்கு வர ஏலும் எண்டதும்.

ஓட்டமாவடி_மச்சான்:

அண்ண நல்லா விளங்கப்படுத்தி இரிக்கிங்க. இடையில கேக்கிறத்துக்கு மன்னிக்கணும், என்ட தம்பி ஓஎல் சரிவரல்ல, வாப்பாட கூட்டாளிட பட்டறைல வெல்டிங் பழகி இப்ப கேட், கிறில் எல்லாம் தனியா அடிப்பான். அவனுக்கு காட்டுறதுக்கு ஒரு பேப்பரும் இல்ல, கட்டார் போற ஐடியா இரிக்கு. அவனுக்கும் சீவி அடிக்கிறதா?

சாய்ந்தமருது_நானா:

ஓட்டமாவடி தம்பி, அவருக்கு சீவிக்கு முதல் என்விகியூ (தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்) எடுக்கச் சொல்லுங்க. கோர்ஸ் போகாட்டியும் பரவால்ல, ஏற்கனவே தொழில் தெரிஞ்ச ஆக்களுக்கு ஆர்பிஎல் எண்டு ஒரு வழி இரிக்கி, முன்பு கத்த திறன ஏத்துக்கொள்ற முறை. நைட்டா, விடிஏ எண்ட அரசாங்கத் தொழிற்பயிற்சி ஒஃபிசுல போய்க் கேட்டா ஃபோர்ம் தருவாங்க, செஞ்ச வேலைட ஆதாரம் பாத்து, ஆளயும் செய்யவச்சுப் பாத்துத்தான் லெவல் குடுக்கிற. அதுக்கு இப்பயிருந்தே அடிச்ச கேட், கிறில் எல்லாத்தயும் ஃபோட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்க, பட்டறை முதலாளிட கடிதமும். வெளிநாட்டுக்கு எண்டா ஏஜென்சிட லைசன்ஸ வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில பாக்காம ஒரு சதமும் குடுக்க வேணாம், 1989க்கு கோல் எடுத்தாலே சொல்லுவாங்க. விசிட் விசால போய் அங்க மாத்தலாம் எண்டு எவன் சொன்னாலும் கேக்கவே வேணாம்.

இப்ப களுதாவளைத் தங்கச்சிக்கு. வாவிக்கரை சீவியச் சொல்லிட்டார், நான் தேடுற பக்கத்தச் சொல்றன். நான் ஒலுவில் கம்பஸ்ல கொமர்ஸ் முடிச்சிட்டு பொத்துவில் பக்கம் ஹோட்டல் ஒண்டுல அக்கவுண்ட்ஸ்ல இரிக்கன்.

டொப்ஜொப்ஸ் வேல வெப்சைட் எல்லாருக்கும் தெரியும், அதுல கூட கொழும்பு வேலதான், ஆனா ஃபினான்ஸ் கம்பெனிகள் "ஈஸ்டர்ன் ரீஜன்" எண்டு போட்டு ஊர்ப் பேர் இல்லாம விளம்பரம் போடுவாங்க, மட்டக்களப்பு எண்டு மட்டும் தேடினா அது மாட்டாது. கல்முனை, அக்கரைப்பத்து, வாழைச்சேனை, ஏறாவூர் எல்லாத்தயும் போட்டுத் தேடுங்க. களுதாவளைல இருந்து கல்முனை பக்கம்தானே, பஸ் எந்த நேரமும் ஓடுது, நம்மட ஆக்கள் தமிழ் ஊர் முஸ்லிம் ஊர் எண்டு பாத்து போடாம விடுறாங்க, கல்முனைல பேங்க், லீசிங், ஹோல்சேல் கடை எவ்வளவு இரிக்கி, கணக்குத் தெரிஞ்ச ஆள் தேடித் திரியிறாங்க.

விளம்பரத்துக்கு வராத வேலதான் இஞ்ச கூட. கடை, மில்லு, கொன்ட்ராக்டர், தனியார் கிளினிக், இவங்க பேப்பர்ல போட மாட்டாங்க, "தெரிஞ்ச புள்ள ஆரும் இரிக்கா?" எண்டு அவங்கட அக்கவுண்டன்ட்டத்தான் கேப்பாங்க. அந்த அக்கவுண்டன்ட் ஆர்? நீங்க ட்ரெய்னிங் செஞ்ச மாதிரி ஓடிட் ஃபேர்ம்ல இரிக்கிற ஆக்கள். அதால உங்கட பழைய ஃபேர்முக்கு ஒரு தரம் நேர போய் வேல தேடுறன் எண்டு வாய் திறந்து சொல்லிட்டு சீவியும் ஒரு கொப்பி குடுத்திட்டு வாங்க. வெக்கப்பட ஒண்டுமில்ல. அவங்கட கிளையன்ட் லிஸ்ட்ல உள்ள அவ்வளவு பேரும் உங்களுக்கு வேல குடுக்கக் கூடிய ஆக்கள்.

டூரிஸ்ட் சீசனையும் பாருங்க. அறுகம்பே பக்கம் ஏப்ரல்ல தொடங்கி ஒக்டோபர் மட்டும்தான் கூட்டம், அதுக்கு ஆள் எடுக்கிறது சீசனுக்கு முந்தி, பெப்ரவரி மார்ச்ல. பாசிக்குடாவும் கடல் அமைதியாகிற மாசத்தோட சேந்ததுதான். சீசன் தொடங்கினாப் பிறகு சீவி குடுத்தா அத எடுத்துப் பாக்க ஆக்களுக்கு நேரமில்ல. அம்பாறை டவுன், ஹிங்குராணை சீனி ஃபெக்டரி அந்தப் பக்கமும் அக்கவுண்ட்ஸ் வேல வாறதுண்டு, ஆனா அங்க சிங்களம் கட்டாயம். சிங்களத்தப் பத்தி ஒண்டு சொல்லணும், நம்மட பிள்ளைகள் இங்கிலிஷுக்குப் பயப்படுற அளவுக்கு சிங்களத்தக் கவனிக்கிறல்ல. எங்கட ஹோட்டல்ல சப்ளையர், லேபர் ஒஃபிஸ், ஹெட் ஒஃபிஸ் டிரைவர், எல்லாரோடயும் சிங்களத்துல கதைக்கத் தெரிஞ்ச ஆளத்தான் முதல்ல பேர்மனன்ட் ஆக்கினாங்க. எழுத வராட்டியும் கதைக்கப் பழகுங்க.

உங்கட டிஎஸ் ஒஃபிஸ் (பிரதேச செயலகம்) களுவாஞ்சிகுடில, மண்முனை தென் எருவில் பற்று. அங்க மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்து உத்தியோகத்தர் இருப்பார், வேல தேடுற ஆள் எண்டு பதிஞ்சு வைங்க, கம்பெனிகள் ஆள் தேவை எண்டா அவங்களுக்கும் அறிவிக்கிறாங்க, ஜொப் ஃபெயார் வச்சா கோல் வரும். ஃபெயாருக்குப் போகக்குள்ள சீவி நாலஞ்சு கொப்பி அடிச்சு ஃபைல்ல வச்சுக்கொண்டு போங்க, ஃபோன்ல இரிக்கி அனுப்புறன் எண்டு சொல்ற ஆள ஒருத்தரும் ஞாபகம் வைக்கிறல்ல.

டெலிகிராம், வாட்சப்ல "வீட்டில இருந்து நாளைக்கு இவ்வளவு உழைக்கலாம்" எண்டு வாறதுக்குக் கிட்டயும் போக வேணாம். ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கேட்டா அது வேல இல்ல. முதல் ரெண்டு மூணு தரம் சின்னக் காசு போட்டுக் காட்டுவாங்க, பிறகு "டாஸ்க்குக்கு" நீங்க போடணும் எண்டு சொல்லி உறிஞ்சிடுவாங்க. எங்கட ஊர்ல தாலிக்கொடி அடகு வச்சுப் போட்ட குடும்பமும் இரிக்கி.

களுதாவளைப்புள்ள:

வாவிக்கரை அண்ண, நானா, ரெண்டு பேருக்கும் என்ன சொல்றதெண்டே தெரியல்ல, அவ்வளவு நன்றி. இரவிரவா மில்லுக் கொப்பி எல்லாத்தையும் எடுத்து வச்சு எழுதிப் பாத்தன், நான் இவ்வளவு வேல செய்றன் எண்டு எனக்கே இப்பதான் தெரியுது. மாமா கடிதம் தாறன் எண்டுட்டார்.

இன்னும் மூணு விசயம். வீட்ட நிண்ட அந்த ஒரு வருசத்துக்கு என்ன எழுதுற? இன்டர்வியூல எவ்வளவு சம்பளம் எதிர்பாக்கிங்க எண்டு கேட்டா என்ன சொல்ற? அப்பாட கெசட் கதைக்கு என்ன மறுமொழி சொல்ற?

செங்கலடி_அக்கா:

மகள், நான் பதில் சொல்றன். நான் கன வருசம் பிரைவேட்ல இருந்து பிறகுதான் அரசாங்கத்துக்குப் போன ஆள், ரெண்டு பக்கமும் தெரியும்.

அந்த ஒரு வருசத்த ஒளிக்கவும் வேணாம், கதையா விரிக்கவும் வேணாம். தேதி தொடராம இருந்தா கேப்பாங்க, "அம்மாட சிகிச்சைக்காக வீட்டில் இருந்தேன், இப்ப சுகம், வேலைக்கு வர தடையில்ல" அவ்வளவுதான். குடும்பத்தப் பாத்த பிள்ளைய குறைவா நினைக்கிற ஆக்கள் இஞ்ச குறைவு, ஆனா தேதிய இழுத்து ட்ரெய்னிங்க நீட்டிப் போட்டா அது கடிதத்தோட ஒத்துப் பாக்கக்குள்ள பிடிபட்டிடும், அதுக்குப் பிறகு நீங்க சொல்ற உண்மையையும் நம்ப மாட்டாங்க.

சம்பளம். பொம்பிளப் பிள்ளைகள் கனபேர் "நீங்க தாறத தாங்க சேர்" எண்டு சொல்லிட்டு வாறாங்க, எனக்கு அதக் கேக்கக்குள்ள வயிறு எரியும். போக முதல் அதே வேலைல இருக்கிற ரெண்டு மூணு பேர்ட்டக் கேட்டு இஞ்ச என்ன குடுக்கிறாங்க எண்டு தெரிஞ்சுக்கொண்டு போங்க, இவ்வளவுக்கும் இவ்வளவுக்கும் இடையில எதிர்பாக்கிறன் எண்டு சொல்லுங்க. சட்டப்படி தனியார் துறைக்கு ஆகக் குறைஞ்ச மாசச் சம்பளம் 2025 ஏப்ரல்ல இருந்து 27,000, 2026 ஜனவரில இருந்து 30,000. அதுக்குக் கீழ ஆர் தந்தாலும் அது சட்டத்துக்குப் பிழை. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) முதல் நாள்ல இருந்து வெட்டணும், ப்ரொபேஷன் முடியட்டும் எண்டு சொல்றது சரியில்ல. உங்கட சம்பளத்தில 8 வீதம், அவங்க போடுறது 12 வீதம், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுக்க அவங்கட கையால, அத உங்கட சம்பளத்தில கழிக்க ஏலாது. நியமனக் கடிதம் எழுத்தில வாங்காம வேல தொடங்க வேணாம். இத சண்டை மாதிரி கேக்கத் தேவல்ல, "லெட்டர் எப்ப கிடைக்கும் சேர்?" எண்டு சிரிச்சிக்கொண்டே கேக்கலாம். நல்ல இடம் எண்டா உடன சொல்லுவாங்க, இழுத்தா அந்த இடத்தப் பத்தி யோசிங்க.

கெசட். அப்பா சொல்றதுல பிழை இல்ல, நானும் அப்படித்தான் போனன். ஆனா கெசட்டுக்குப் போடுறதுக்கும் கெசட்டுக்காகப் பொறுத்து இருக்கிறதுக்கும் வித்தியாசம் இரிக்கு. பிரைவேட்ல வேல செஞ்சிக்கொண்டே போடலாம், ஒரு தடையும் இல்ல. வெள்ளிக்கிழமைல வரும், தமிழ்லயும் அரசாங்க வெப்சைட்ல இறக்கலாம், ஃபோன்லயே பாருங்க. கிழக்கு மாகாண பொதுச் சேவை ஆணைக்குழு தனியா வேற விளம்பரம் போடும், அதையும் பாக்கணும், நம்மட ஆக்கள் கெசட்ட மட்டும் பாத்திட்டு மாகாண வேலைய விட்டிடுறாங்க. அங்க வாவிக்கரை சொன்ன சீவி செல்லாது, அவங்க தாற மாதிரி ஃபோர்மத்தான் அதே இலக்க ஒழுங்கில நிரப்பணும், சமயம் சிவில் நிலை எல்லாம் கேட்டா எழுதத்தான் வேணும். பதிவுத்தபால்ல அனுப்பச் சொன்னா பதிவுத்தபால்தான், என்வலப்புட இடப்பக்க மேல் மூலைல பதவிட பேர், முடிவு தேதிக்கு முதல் நாள் போஸ்ட் ஒஃபிசுக்கு ஓடாதிங்க, ரசீத்த வச்சிருங்க.

எல்லாத்துக்கும் மேல, உங்கட பேர ஒருக்கா சரிபாருங்க. பிறப்புச் சேர்டிபிகேட்ல ஒரு மாதிரி, ஐடில ஒரு மாதிரி, ஏஎல் சேர்டிபிகேட்ல இனிஷியல் மாறி, இஞ்ச பாதிப் பேருக்கு இந்தக் கதைதான், சூறாவளி, சண்டை, சுனாமி எண்டு பேப்பர் துலைச்சு திரும்ப எடுத்த சனம் நாம. வேல கிடைச்சாப் பிறகு அதுக்கு ஓடினா நாள் போயிடும். இப்பவே மூணையும் ஒண்டா வச்சுப் பாருங்க, வித்தியாசம் இருந்தா டிஎஸ் ஒஃபிசுல பதிவாளர் பிரிவுல கேளுங்க, சின்ன மாற்றம் எண்டா ஜேபிட்ட (சமாதான நீதவான்) சத்தியக்கடதாசி முடிச்சு வைக்கலாம். ஜிஎஸ்ட்ட (கிராம சேவகர்) எடுக்கிற நற்சான்று டிஎஸ் மேலொப்பம் வைச்சாத்தான் பெறுமதி, அதுக்கு தேதி இருக்கிறபடியா கேட்ட நேரத்தில எடுங்க, இப்பவே எடுத்து வைக்க வேணாம்.

வாவிக்கரை:

அக்கா சொன்ன பேர் விசயம் முழுக்க உண்மை, எங்கட பக்கமும் செலக்ட் ஆகி பேப்பர் பாக்கக்குள்ள கிழமைக்கணக்கில நிக்கிற ஆக்கள் இரிக்காங்க.

ஒண்டு கூட்டிச் சொல்றன், தமிழ்ல அப்ளிகேஷன் இல்லாட்டி கவரிங் லெட்டர் அனுப்பினா யூனிகோட்ல அடிங்க. பாமினில அடிச்சு வேர்ட் ஃபைலா அனுப்பினா அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டர்ல வெறும் இங்கிலிஷ் எழுத்துக் குப்பையாத்தான் திறக்கும், கொழும்புல ஒருத்தரும் அத மாத்தி வாசிக்க மாட்டாங்க.

இன்டர்வியூக்கு, இங்கிலிஷ் பயம் எண்டா உங்கட மில்லு வேலைய இங்கிலிஷ்ல சொல்லிப் பழகுங்க, வேற ஒண்டும் வேணாம். காலைல மில்லு திறந்ததுல இருந்து பூட்டுற வரைக்கும் என்ன செய்றிங்க எண்டு வாய் விட்டு, ஃபோன்ல ரெக்கோர்ட் பண்ணிக் கேளுங்க. நாங்க கேக்கிறதுல முக்கால்வாசி அதுக்குள்ளதான் வரும். சொல் வராட்டி நிப்பாட்டி, தமிழ்ல சொல்லலாமா எண்டு கேளுங்க, பிராஞ்ச் இன்டர்வியூல கனக்க இடத்தில விடுவாங்க.

களுதாவளைப்புள்ள:

சரி அண்ண. பேரையும் பாத்தன் அக்கா, ஐடிலயும் பிறப்புப் பத்திரத்திலயும் ஒரே மாதிரித்தான் இரிக்கு, ஏஎல் சேர்டிபிகேட்லதான் ஒரு இனிஷியல் குறையுது, திங்கட்கிழம களுவாஞ்சிகுடிக்குப் போறன். அப்பாவும் வாறன் எண்டார்.

மேல போடுற மூணு வரி இப்படி எழுதினன், கருத்த தமிழ்ல போடுறன் பாருங்க: "எச்என்டிஏ பட்டயதாரியாகிய நான் நெல் ஆலையொன்றில் கொள்வனவு, கடன்பட்டோர், வங்கி இணக்கம் ஆகிய கணக்குகளைத் தற்போது கையாள்கிறேன். ஓடிட் நிறுவனத்தில் பயிற்சி பெற்றுள்ளேன். கடின உழைப்பும் நேர்மையும் கொண்ட நான் கணக்கு உதவியாளர் பதவியை எதிர்பார்க்கிறேன்."

வாவிக்கரை:

முதல் ரெண்டு வரியும் நல்லம், கை வைக்க வேணாம். மூணாவதுல கடின உழைப்பு, நேர்மை ரெண்டையும் எடுத்திட்டு அந்த இடத்தில எக்செல், கதைக்கத் தெரிஞ்ச மொழி, எந்த பிராஞ்ச் எண்டத போடுங்க. பதவிட பேர் விளம்பரத்தில எப்படி இரிக்கோ அப்படியே இருக்கட்டும், "அக்கவுண்ட்ஸ் எக்செகியூட்டிவ்" எண்டு போட்டிருந்தா அதுதான். மாமாட லெட்டர் வந்த கையோட ஸ்கேன் பண்ணி வைங்க, ஃபோன்ல ஃபோட்டோ எடுத்தா நிழல் விழும்.